உப்புப் பானையில் ஒரு ஜாதகம்

இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கும்போது உலகம் அழிந்துவிடும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். அழிந்தாலும் அழியலாம், எதற்கும் ஒரு மூட்டை அரிசி வாங்கிப் போட்டுவைப்போம் என்கிற அளவில்தான் நம்பினார்கள். உலகமே போன பிறகு அந்த அரிசியை யார், எந்த அடுப்பில் வடிப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அது அவர்கள் குற்றமில்லை, மழைக்காலத்தின் குற்றம். மரக்காணத்து உப்பளங்களில் ஐப்பசி பிறந்துவிட்டால் வேலை கிடையாது. பாத்தியும் வரப்பும் தெரியாமல் எல்லாம் ஒரே ஏரியாகக் கிடக்கும். கோடையில் வாரிய உப்பு மட்டும் கரையோரம் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து, மேலே கீற்றுப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கையில் வேலை இல்லாதவர்களுக்கு வாயில் வேலை வந்துவிடுகிறது. கடல் பொங்கி ரோடு வரைக்கும் வரும் என்றார்கள். ஆகாயத்தில் போகிற பிளேன் அங்கேயே நின்றுவிடும் என்றார்கள். கோட்டக்குப்பத்து ஆள் ஒருவர் துபாயிலிருந்து கடிதம் போட்டிருக்கிறார், அங்கே கம்ப்யூட்டர்களுக்கு இப்போதே கிலி பிடித்துவிட்டதாம் என்றார்கள். மூன்று நாளைக்குக் கரண்ட் இருக்காது என்று யாரோ சொன்னபோது என் அம்மா மட்டும் அசரவில்லை. "இருந்தாத்தானே போறதுக்கு" என்று சொல்லிவிட்டு விளக்குச் சிம்னியைத் துடைக்கப் போனாள்.

எங்கள் வீட்டில் உலகம் அழிவதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அது அத்தையின் கல்யாணம். அத்தை அப்பாவுக்குத் தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் நான் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் அத்தை எங்களோடுதான் இருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. உப்பு வாருவதில் அவளுக்கு இணையாக நிற்க ஆம்பளைகளே யோசிப்பார்கள். எல்லாம் சரிதான், ஆனால் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஜோசியர் மையால் எழுதிக் கொடுத்த ஜாதகம் அது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஏழு வீட்டுக்குப் போய், போன வேகத்தில் ஏழு முறை திரும்பி வந்திருந்தது. அப்படித் திரும்பி வரும்போதெல்லாம் அப்பா அந்த நோட்டைத் தட்டி, எல்லாம் இதில் எழுதியிருக்கிறது, நாம் என்ன செய்வது என்பார். பத்து வயதுப் பெண்ணான நானும் அதை அப்படியே நம்பினேன்.

தரகர் ஒருவர் சைக்கிளில் வருவார். அந்த நோட்டை அவர் எப்போது விரித்தாலும் ஒரே வருத்தத்தைத்தான் சொல்வார். "காலையில பொறந்திருந்தா தங்கமான ஜாதகம். பொழுது சாஞ்சு பொறந்து கெடுத்துக்கிச்சு." அத்தை வேண்டுமென்றே லேட்டாக வந்தவள் மாதிரி அவளைப் பார்த்துவிட்டு டீயைக் குடிப்பார்.

அந்த மார்கழியில் அவர் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். உள்ளூர்ப் பக்கம் வேர்க்கடலை நிலம் இருக்கிற மனிதர். நாற்பத்து நாலு வயது. மனைவி தவறிவிட்டாள். மூத்த பெண் எட்டாவது படிக்கிறாள், அதாவது எனக்கு அக்கா. அவருக்கும் செவ்வாய் தோஷமாம். தோஷத்துக்குத் தோஷம் சரியாய்ப் போச்சு என்று தரகர் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் சேர்த்துக் காட்டினார். அத்தையை யாரும் கேட்கவில்லை. அடுப்படியில் அவள் அம்மாவிடம், "வேணாம் அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லு" என்று மெதுவாகச் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. அம்மா சொல்லியும் பார்த்தாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அப்பாவுக்கும் அந்த மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால் பிடிக்காததைச் சொல்கிற தைரியம் அவருக்கு ஏழாவது மாப்பிள்ளையோடு தீர்ந்துபோயிருந்தது.

போதாக்குறைக்குத் தரகர் இரண்டாயிரத்தையும் துணைக்கு இழுத்துக்கொண்டார். திண்டிவனத்தில் அப்போது கம்ப்யூட்டர் ஜோசியம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அங்கேதான் பொருத்தம் பார்ப்பார்களாம்.

"ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் படுத்துக்குமாம். அப்புறம் யார்கிட்ட போயி பொருத்தம் பார்ப்பீங்க? வருசம் பொறக்கறதுக்குள்ள நோட்டைக் குடுத்துடுங்க."

அப்பா கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை, அதனாலேயே அதன்மேல் அவருக்கு மிகுந்த மரியாதை. கிறிஸ்துமஸ் கழித்து வந்து நோட்டை வாங்கிக்கொள்ளும்படி தரகரிடம் சொல்லிவிட்டார். உலகம் அழிவதாக இருந்தால் அதற்குள் தங்கையை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அழிகிற உலகத்தில் கல்யாணம் எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, உனக்கு ஒன்றும் தெரியாது என்று பதில் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் பெரிய சாருக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய சார் என்றால் தலைமையாசிரியர். பெரிய முதலியார்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருவார், இந்தக் கடற்கரையில் எங்களுக்கு எதிர்காலம் உண்டு என்று நம்பிய ஒரே மனிதர். ஐந்தாவது படிக்கும் நாங்கள் நாற்பத்தொரு பேரும் '2025-இல் எங்கள் ஊர்' என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். அதையெல்லாம் ஒரு மண்பானையில் போட்டு மூடிப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் புதைக்க வேண்டும். இருபத்தாறு வருடம் கழித்துத் தோண்டி எடுத்துப் படிக்க வேண்டும். சுவரிலே 'திறக்கும் ஆண்டு 2025' என்று பெயின்ட்டில் எழுதியும் வைத்துவிட்டார்.

மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் பையில் போடலாமே சார் என்று ஒரு பையன் கேட்டான். சாருக்குக் கோபம் வந்துவிட்டது. உப்பு ஊரில் பிறந்துவிட்டுப் பிளாஸ்டிக்கா என்றார். மீனை உப்பில் போட்டால் ஆறு மாசம் கெடுவதில்லை, எலுமிச்சங்காய் வருஷக்கணக்கில் கெடுவதில்லை, காகிதம் மட்டும் கெட்டுப்போகுமா என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள். எங்கள் உப்பை அவர் புகழ்ந்த புகழ்ச்சியில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த அம்பாரம் எங்களுடையது என்பதால் உப்புக் கொண்டுவருவது என் பொறுப்பாயிற்று.

எனக்கோ எழுதுவதற்கு ஒன்றும் வரவில்லை. மற்றவர்களெல்லாம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். பஸ் பறக்கும் என்று ஒருத்தி எழுதினாள். கடல் தண்ணீர் இனிப்பாகிவிடும் என்று ஒருவன் எழுத, அப்புறம் நம்ம அப்பாங்களுக்கு வேலை என்னடா என்று இன்னொருவன் அவன் சட்டையைப் பிடித்தான். நான் வீட்டில் கேட்டுப் பார்த்தேன். 2025-லும் ரேஷன் கடையில் கூட்டம் நிற்கும் என்றாள் அம்மா. உப்பு இருக்கும், நாம் இருப்போமா தெரியாது என்றார் அப்பா. அத்தை ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்தப் பானைய 2025 வரைக்கும் யாருமே தொறக்க மாட்டாங்களா?" மாட்டார்கள் என்றேன். "வரப்போறதெல்லாம் அந்த நோட்டுல இருக்குதுன்னு உங்கப்பா சொல்லுவாரே" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில்தான் எனக்கு அந்த அற்புதமான யோசனை உதித்தது. வரப்போகிறதெல்லாம் எழுதின நோட்டு நம் வீட்டிலேயே தயாராக இருக்கும்போது நான் எதற்கு மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டும்? டிரங்குப் பெட்டிச் சாவி எப்போதும் அத்தையின் இடுப்பில்தான் தொங்கும். அன்றைக்கு என் நல்ல நேரம், அது பெட்டிப் பூட்டிலேயே இருந்தது. நோட்டை எடுத்துப் பிரித்தேன். முதல் பக்கத்தில் 'மாலை, விளக்கு வைத்த நேரம், பெண் மகவு' என்று இருந்தது வரைக்கும் எனக்குப் புரிந்தது. மீதியெல்லாம் கட்டமும் புள்ளியுமாக இருந்தது. நிச்சயம் 2025-ஐப் பற்றித்தான் என்று முடிவு செய்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றி, மேலே என் பெயரையும் வகுப்பையும் எழுதிச் சாரிடம் கொடுத்தேன். என்னுடையதுதான் இருப்பதிலேயே தடிமனாக இருந்தது. சார் பிரித்துப் பார்க்காமலே வெரிகுட் என்றார்.

உப்புக்கு அத்தைதான் கூடையோடு வந்தாள். அம்பாரத்தின் கீற்றை விலக்கி ஒரு கை அள்ளி இறுக்கி மூடித் திறந்தாள். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. அதை விட்டுவிட்டு, தள்ளி ஓரமாக இருந்த சின்னக் குவியலுக்குப் போனாள். அங்கேயும் ஒரு கை அள்ளி இறுக்கினாள். இந்த உப்பு கொழுக்கட்டை மாதிரி கையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைக் கூடை நிறைய வாரிக்கொண்டாள். பானையில் உன்னுடையதையும் வைத்துவிட்டாயா என்று கேட்டாள். வைத்துவிட்டேன், என்னுடையதுதான் இருப்பதிலேயே பெரியது என்றேன். என் கன்னத்தைக் கிள்ளினாள். விரலெல்லாம் உப்பு, எனக்கு எரிந்தது. சார் கைதட்டச் சொல்ல, நாற்பத்தொரு பேரும் கைதட்ட, எதிர்காலம் மண்ணுக்குள் போயிற்று. அன்றிரவே மழை பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கொட்டியது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தரகர் வந்து நின்றார். பெட்டியைத் திறந்தால் புடவை இருக்கிறது, நோட்டைக் காணோம். அதன்பிறகு நடந்த தேடலைச் சொல்லி முடியாது. அரிசி மூட்டையைக் கவிழ்த்தார்கள். கூரைக் கீற்றுக்குள் கைவிட்டதில் அம்மா இரண்டு வருடத்துக்கு முன்பு தொலைத்த இடுக்கி கிடைத்தது. எலி இழுத்துப் போயிருக்கும் என்றாள் அம்மா. தரகர்தான் போன தடவை திருப்பித் தரவில்லை என்றார் அப்பா. தரகர் சைக்கிள் சீட்டைக்கூடத் தூக்கிக் காட்டினார். அத்தையும் எல்லோரோடும் சேர்ந்துதான் தேடினாள். ஆனால் மற்றவர்கள் ஏற்கெனவே தேடி முடித்த இடங்களிலேயே தேடினாள்.

நான் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நோட்டுக்கு ஒன்றும் ஆகாது, பத்திரமாக உப்பில்தானே இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நோட்டு வெளியே வரும்போது அத்தைக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த மாப்பிள்ளைக்கு எழுபது. கோலூன்றிக்கொண்டு அவர் தாலி கட்ட வருவது கண்முன்னே வந்ததும் எனக்கு அழுகை பொங்கிவிட்டது. அத்தையின் வாழ்க்கையை நான்தான் புதைத்துவிட்டேன் என்று கத்தி அழுதேன். அப்பா கையை ஓங்கினார். அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"புள்ளைய அடிக்காதண்ணா. அதுக்கு என்ன தெரியும்."

வருடம் பிறக்க இரண்டு நாள் இருந்தது. அப்பா முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், லீவில் இருந்த பெரிய சாரைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். சார் வேப்பமரத்தடியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். 2025-க்கு முன்னால் திறந்தால் அதற்குப் பெயர் எதிர்காலமா என்று கேட்டார். சுவரில் எழுதியிருப்பதைக் காட்டினார்.

"சார், உங்க 2025 எனக்கு நாளைக்கே வேணும்" என்றார் அப்பா, கையில் மண்வெட்டியோடு.

கடைசியில் சாரே ஒதுங்கிக்கொண்டார். அம்மா, அத்தை, நான் எல்லோரும் சுற்றி நின்றோம். அப்பா பானையை வெளியே எடுத்து, வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். உள்ளே உப்புப் பாதிதான் இருந்தது. மீதியெல்லாம் தண்ணீர், அதுவும் நீல நிறத் தண்ணீர். பறக்கும் பஸ்ஸும் இனிப்புக் கடலும் கூழாகி ஒன்றாகக் கலந்திருந்தன. என் பழுப்புக் காகிதத்தைத் தூக்கினால் கையோடு பிய்ந்து வந்தது. ஜாதக நோட்டில் மஞ்சள் தடவிய மூலைகள் மட்டும் மஞ்சளாக இருந்தன. நடுவில் ஒரு கட்டம்கூட மிச்சமில்லை. "நாப்பத்தோரு புள்ளைங்களோட எதிர்காலம்" என்று சொல்லிவிட்டுச் சார் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பாவம், நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பா பானையில் மிஞ்சியிருந்த உப்பில் ஒரு கை அள்ளி இறுக்கினார். விரலை விரித்தபோது அது உதிராமல் நின்றது. இந்த உப்பு யார் கொடுத்தது என்று கேட்டார்.

"உங்க தங்கச்சிதான். நல்ல உப்பாப் பாத்துத்தான் குடுத்திருப்பாங்க" என்றார் சார்.

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை வேப்பமரத்தின் உச்சியில் ஏதோ இருப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இருமினாள். அப்பா கையிலிருந்த உப்பை உதறிவிட்டு, பானையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"பானை கீறல் விட்டிருக்குது சார். உப்பு மேல தப்பில்ல."

நானும் குனிந்து பார்த்தேன். எனக்குக் கீறல் ஒன்றும் தெரியவில்லை. பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியும்போலும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாயிரம் பிறந்தது. கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. முதல் வாரத்தில் அப்பா அத்தையையும் என்னையும் புது ஜாதகம் கணிக்கத் திண்டிவனத்துக்கு அழைத்துப்போனார். கடைக்காரரிடம் முதலில் கம்ப்யூட்டருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நல்லாத்தான் இருக்குது, ஏன் என்று அவர் கேட்டதும் அப்பாவுக்கு நிம்மதி, கொஞ்சம் ஏமாற்றமும்கூட. பிறந்த தேதியை அத்தையின் பள்ளிச் சான்றிதழில் பார்த்துத் தட்டிக்கொண்டவர், பிறந்த நேரம் கேட்டார்.

"மழை பேஞ்சிக்கிட்டு இருந்துது" என்றார் அப்பா.

மழையைத் தட்ட இதில் பட்டன் இல்லை, மணி சொல்லுங்கள் என்றார் கடைக்காரர்.

"காலையில ஏழே முக்கால்" என்றாள் அத்தை. "எங்கம்மா சொல்லியிருக்குது."

அப்பா திரும்பவேயில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார். "ஆமாம், ஏழே முக்கால். ரேடியோவுல நியூஸ் ஓடிட்டிருந்துது."

எங்கள் வீட்டுக்கு ரேடியோவே நான் பிறந்த பிறகுதான் வந்தது என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நோட்டில் விளக்கு வைத்த நேரம் என்று படித்ததும் ஞாபகம் வந்தது. ஜோசியர் ஒரு மாதிரி எண்ணுவார், கம்ப்யூட்டர் ஒரு மாதிரி எண்ணும் என்று நினைத்துக்கொண்டேன். பிரின்டர் கத்திக் கத்தித் துப்பிய தாளில் தோஷம் இல்லை. தரகர் அதைப் பார்த்துவிட்டுத் தங்கமான ஜாதகம் என்றார். தங்கமாக இருந்ததுதான் இப்போது தொல்லையாகப் போயிற்று. தோஷக்கார மாப்பிள்ளைக்குத் தோஷமில்லாத பெண் ஆகாதாம். வேர்க்கடலைக்காரர் தாமாகவே விலகிக்கொண்டார். பொருத்தம் கெட்டுப்போன அன்றைக்கு அப்பா மீன் வாங்கி வந்தார். வைகாசியில் அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பாண்டிச்சேரியில் ஒயரிங் வேலை செய்கிறவர். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு ஓடாத ஃபேனைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனதால் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

பெரிய சார் மனம் தளரவில்லை. பொங்கல் கழித்து எங்களை மறுபடியும் எழுத வைத்து, இந்தத் தடவை பிளாஸ்டிக் பையில் போட்டே புதைத்தார். நான் பறக்கும் பஸ்ஸைப் பார்த்துக் காப்பியடித்தேன். அந்தப் பானை இப்போது புது வகுப்பறைக் கட்டடத்துக்கு அடியில் எங்கோ இருக்கிறது. 2025 வந்தபோது தோண்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

நான் ஆறாவதிலிருந்து ஹாஸ்டலில் படித்தவள். உப்பளத்துப் பெண் என்று பெயரே தவிர உப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அத்தையின் ஜாதகத்தைப் புதைத்தவள் என்ற பட்டம் மட்டும் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் யாராவது அந்தக் கதையை எடுப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், எனக்கு மட்டும் உள்ளுக்குள் இன்னும் குற்ற உணர்ச்சி குத்தும்.

போன மாதம் அத்தையோடு சென்னையிலிருந்து காரில் வந்தபோது, ஊறுகாய்க்கு உப்பு வேண்டும் என்று மரக்காணத்தில் நிறுத்தச் சொன்னாள். அவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. ரோட்டோர அம்பாரத்தில் ஒரு கை அள்ளி இறுக்கினாள். கையில் ஒட்டிக்கொண்டது. கொட்டிவிட்டு அடுத்த அம்பாரத்துக்குப் போனாள். அது பொலபொலவென்று உதிர்ந்தது. இதைப் போடு என்று கடைக்காரனிடம் சொன்னாள்.

ஏன் அத்தை, அதுவும் உப்புதானே என்று கேட்டேன்.

"கையில ஒட்டுனா கசப்புத் தண்ணி வடியாத உப்பு. ரெண்டு நாள் ஈரக்காத்து பட்டாப் போதும், தண்ணியா விட்டுடும். எதுல போட்டாலும் அது கூழுதான். உப்பளத்துல பொறந்த புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?"

நான் அவள் கையைப் பார்த்தேன். அன்றைக்கு உதிர்ந்த உப்பை விட்டுவிட்டு ஒட்டின உப்பை வாரிய கை இதே கைதான். பூட்டிலேயே இருந்த சாவி, அப்பா கண்ணுக்கு மட்டும் தெரிந்த கீறல், இல்லாத ரேடியோவில் ஓடிய நியூஸ் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு வந்து சேர்ந்தன. இருபத்தாறு வருடமாகச் சுமந்த குற்றம் என்னுடையதே இல்லை என்று தெரிந்ததில், நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகைதான். பத்து வயதில் அத்தையை நான் ஒருநாளும் சரியாகப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

காரில் ஏறிய பிறகு, அத்தை, நீ நிஜமாகப் பிறந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

அத்தை உப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"எந்த ஜாதகத்துல கேக்கற?" என்றாள்.